ஒரு ஃபிரீசிய ஊருக்குக் கலியாண வீடியோ

எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த வீடியோக்களிலே தாலி, ஐயர், மணவறை ஒன்றும் இல்லாத வீடியோ ஒன்றே ஒன்றுதான். அது ஒரு ஊரின் வரலாறு. யாழ்ப்பாணத்து ஊரும் இல்லை. நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஓர் ஆற்றங்கரையில் நாலு தெருவும் ஒரு தேவாலயமுமாக இருக்கும் சின்ன ஊர். கோபுரம், பாலம், காற்றாலை என்று வரிசையாகக் காட்டினால் போதும் என்று சொல்லித்தான் வேலை வந்தது. என் மனுசன் அதையும் கலியாண வீடியோ ஆக்கிவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. கோபம் முடிவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். இவருக்குக் கிழமை நாட்களில் அட்டைப்பெட்டி செய்யும் ஃபக்டரியில் வேலை, சனி ஞாயிறில் கலியாண வீடியோ. அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் கலியாணம் இல்லாத சனிக்கிழமை எங்கே இருந்தது? ஒரு மாதம் கலியாணப் பொம்பிளை விமானத்தில் வந்து இறங்குவாள், அடுத்த மாதம் மண்டபம். எங்கள் முன்னறையில் சோபா வைக்க இடமில்லை. இரண்டு வீடியோ டெக், ஒரு மிக்சர், இரண்டு டிவி, கால் வைத்த இடமெல்லாம் வயர். யாராவது வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில்தான் இருத்துவேன்.

சும்மா சொல்லக்கூடாது, இவருடைய வேலைக்கு நல்ல பெயர். ஆனால் இவருக்கென்று ஒரு முறை இருந்தது. எங்கே தொடங்கினாலும் கமரா பொம்பிளையில்தான் போய் முடியும். ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருப்பார், கமரா புகைக்குள்ளால் மெல்ல நகர்ந்து பொம்பிளையின் முகத்தில் நிற்கும். தாய்மாமன் வாசலில் வந்து இறங்குவார், பாவம், அவரையும் தாண்டிக்கொண்டு பொம்பிளையிடம் போய்விடும். பிறகு அந்த முகத்தைச் சுற்றி இதய வடிவத்தில் ஒரு சட்டம் விரியும், மேலேயிருந்து ரோசாப்பூ கொட்டும். "என்னப்பா இது, வீடியோவோ பூக்கடையோ?" என்று நான் கேட்பேன். "நீர் சும்மா இரும். வீடியோ பாக்கிற சனம் பொம்பிளையைத்தான் பாக்குது" என்பார். அதற்குமேல் அவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனிவீடு இருந்தது. அதில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தனியாள். வசந்தம் வந்தால் அவருடைய முன்முற்றம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக ரியூலிப் பூக்கும். ஒரு சனிக்கிழமை இவர் கேட்டுக்கேள்வி இல்லாமல் ஒரு மாப்பிள்ளை பொம்பிளையைக் கொண்டுபோய் அந்தப் பூக்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். கூறைச் சேலைக் கரை பட்டு இரண்டு பூ முறிந்தது. கிழவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இனி ஏச்சுத்தான் என்று நினைத்தேன். வந்தவர் சத்தம் போடவில்லை. பொம்பிளையின் முகத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, வெயில் பிள்ளையின்ர முகத்தில நேர அடிக்குது. கண்ணைச் சுருக்குறா. இஞ்சால திருப்பி நிப்பாட்டும்."

அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த மனிதர் பேசியதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. இளவயதில் தானும் ஒரு பெட்டிக் கமரா வைத்துப் படம் எடுத்தவராம். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அங்கிள், அவருடைய முற்றம் எங்களுடைய ஸ்ரூடியோ.

ஒருநாள் இவர் வாயை வைத்துக்கொண்டு இருக்காமல், "அங்கிள், உங்கட ஆக்கள்தானே எங்கட யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டினவை?" என்று கேட்டார்.

கிழவருக்கு வந்ததே கோபம். "அது ஒல்லாந்தர்! நான் ஃபிரீசியன். எங்களுக்குப் பாசை வேற, கொடி வேற. அவையள் கட்டின கோட்டைக்கு நான் பொறுப்பில்லை."

எனக்கு அவரை அந்த நிமிசமே பிடித்துப்போனது. வேலை செய்யும் கோப்பிக் கடையில் யாராவது என்னை "நீங்கள் இந்தியாதானே" என்று கேட்டால் நானும் இப்படித்தான் கோப்பியை வைத்துவிட்டு விளக்கம் கொடுக்கத் தொடங்குவேன்.

யூன் மாதம் கிழவர் ஒரு பிஸ்கட் தகரத்தோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தகரத்துக்குள் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். கப்பலேறி வருவதற்கு முன் அவரே தன் ஊரில் எடுத்தவை. அந்த ஊரிலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்து குடியேறியவர்கள் ஒவ்வொரு கோடைக்கும் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவது வழக்கமாம். இந்தமுறை அவர்களுக்கு ஊரின் வரலாற்றையும் முக்கியமான இடங்களையும் வீடியோவாகப் போட்டுக் காட்டப் போகிறாராம்.

"அதுக்கென்ன அங்கிள், செய்வம்" என்றார் இவர். இவருக்கு இல்லை என்று சொல்லவே வராது.

ஒரு ஞாயிறு எங்கள் சாப்பாட்டு மேசையில் குரல் பதிவு. மைக்குக்குக் கீழே துவாயை மடித்து வைத்து, பிரிட்ஜின் வயரைக் கழற்றி, என்னை அடுப்பங்கரைப் பக்கம் போகக்கூடாது என்று இவர் மறித்துவிட்டார். நானும் மேசையில் இருந்து கேட்டேன். கிழவர் கதைக்கக் கதைக்க எனக்கு அந்த ஊர் பிடித்துக்கொண்டே வந்தது. கடலை மறிக்க அணை இல்லாத காலத்தில், வெள்ளம் வந்தால் ஆடுமாட்டோடு ஏறி நிற்பதற்காகச் சனம் கூடை கூடையாகக் களிமண் போட்டு ஒரு மேடு எழுப்பியதாம். பிறகு அந்த மேட்டில்தான் தேவாலயம். பாதி கட்டும்போதே மண் இறங்கிக் கோபுரம் சாய்ந்துவிட்டது. கட்டினவர்கள் விடவில்லை, மேற்பாதியை நேராகக் கட்டினார்கள். அதனால் கோபுரம் இடுப்பில் வளைந்து நிற்கிறது. "சந்தையில பாரமான பையோட நிக்கிற மனுசி மாதிரி" என்றார் கிழவர்.

ஆற்றுக்கு மேலே தூக்குப்பாலம். படகு வந்தால் பாலக்காரன் பாலத்தைத் தூக்கிவிட்டு, தூண்டில் தடியில் ஒரு மரச்சப்பாத்தைக் கட்டிக் கீழே விடுவானாம். படகுக்காரர் அதற்குள் சில்லறையைப் போட்டுவிட்டுப் போவார்கள். காற்றாலை இன்னும் விசேசம். ஊரில் கலியாணமோ பிள்ளைப்பேறோ என்றால் இறக்கைகளை ஒரு விதமாகச் சாய்த்து நிறுத்துவார்கள், செத்தவீடு என்றால் வேறு விதமாக. வயலில் நிற்பவன் நிமிர்ந்து பார்த்தாலே சேதி தெரிந்துவிடும்.

"நல்ல ஊர் அங்கிள், ரெலிபோன் பில் மிச்சம்" என்றேன். பதிவு கெட்டுப்போனது. இவர் என்னை முறைத்தார். கிழவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார்.

நடுவில் பதிவு நாடா முடிந்துபோக, இவர் வாங்கிவரக் கீழே கடைக்குப் போனார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கு மனதில் ஒன்று இருந்தால் கேட்காமல் இருக்க ஏலாது.

"ஏன் அங்கிள், இவ்வளவு காலமும் இல்லாமல் இந்த வருசம் என்ன திடீரெண்டு வீடியோ?"

கிழவருடைய காது சிவந்தது. கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "ஒருத்தி வாறா" என்றார்.

அந்த ஊர்க்காரி. கிழவர் இளந்தாரியாக இருந்தபோது அவ ஆற்றங்கரைப் பால் தொழிற்சாலையில் வேலை செய்தவ. பிறகு வேறொருவரைக் கலியாணம் முடித்து, அவரும் காலமாகி, இப்போது முதல்முறையாகக் கனடாவுக்கு வருகிறா, தங்கச்சியைப் பார்க்க. கிழவருடைய மனுசியும் இறந்து பல வருசம். அவவிடம் கேட்கப் போகிறாராம், தன்னைக் கலியாணம் முடித்து இங்கேயே இருக்கச் சொல்லி.

"அட, கேளுங்கோவன்! இதுக்கேன் வீடியோ?"

"எனக்கு ஊர்ச் சனத்துக்கு முன்னால வாய் வராது. அப்ப ஒருக்கா பாலத்தில வைச்சுக் கேக்க வெளிக்கிட்டனான். கீழ படகில எங்கட பெடியள் பார்த்துக்கொண்டு நிண்டவங்கள். 'கேட்டிட்டானோ?' எண்டு ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரிச்சாங்கள். நான் வாயை மூடிக்கொண்டு வந்திட்டன். அடுத்த வருசம் கப்பல்."

இப்போதும் அதே சனம்தான் மண்டபத்துக்கு வருமாம், கிழடுகளாக. யாராவது மோப்பம்பிடித்து ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், தன் வாய் திரும்ப மூடிவிடும் என்றார். கூட்டம் முடிந்த கையோடு, திங்கட்கிழமையே அவ விமானம் ஏறிவிடுவா. அதனால் திட்டம் இதுதான்: படம் ஓடும், எல்லோரும் பழைய ஊரைப் பார்த்து மனம் இளகிப்போய் இருப்பார்கள். அவர்கள் கோப்பி குடிக்கும் நேரம் பார்த்து அவவை மண்டபத்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்பார். அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது.

"தம்பிக்கும் சொல்லாதையும்" என்றார்.

"அவருக்கோ? அவருக்குச் சொன்னால் மைக்கில அறிவிச்சுப்போடுவார்" என்று சொல்லி, சாமிப்படத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணினேன்.

எனக்கோ நெஞ்சு முழுக்கச் சந்தோசம். ஒரு கலியாணம், அதுவும் என் வீட்டு மேசையில் முளைத்த கலியாணம். அன்று பின்னேரம் தகரத்தைத் திறந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோபுரம், பாலம், காற்றாலை, உறைந்த ஆறு. எனக்குக் கல்லும் மரமும் பனியும்தான் தெரிந்தன. இதைக் காட்டி எந்தப் பொம்பிளையின் மனதை இளக்கப் போகிறார் இந்த மனுசன் என்று கவலையாகவும் இருந்தது.

கூட்டத்துக்கு முந்திய கிழமை கோப்பிக் கடையில் இன்னொருத்தி லீவு எடுக்க, அவளுடைய வேலையும் என் தலையில் விழுந்தது. இவர் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடிட்டிங். ஒருநாள் உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது. மோர்னிங்சைட் பக்கம் எடுத்த ஒரு கலியாணத்தின் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கசற்றைத் தூக்கிக் காட்டினார்.

"முடிஞ்சுது. கிழவர் அசந்துபோவார், பாரும்."

"உங்கட பூ கீ ஒண்டும் போடேல்லைத்தானே?"

"தொழில் தெரிஞ்சவனுக்கு நீர் படிப்பிக்காதையும்."

சனிக்கிழமை மண்டபம். மேசைகளில் கோப்பியும், சீனிக்கட்டி வைத்துச் சுட்ட பாணும், பக்கத்தில் நான் கொண்டுபோன வடையும். வடை முதல் முடிந்தது. சுவரில் அவர்களுடைய கொடி. வெள்ளைத் தலைகளும் பேரப்பிள்ளைகளுமாக மண்டபம் நிறைந்திருந்தது. அவவை யாரும் எனக்குக் காட்டித்தரத் தேவையிருக்கவில்லை. நல்ல உயரம், கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, நீலச் சட்டை, மண்டபத்தின் மற்றப் பக்கத்துக்கும் கேட்கிற சிரிப்பு. கிழவர் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியுமாகப் போய், வங்கி மனேச்சருக்குக் கொடுப்பதுபோல அவவுக்குக் கையைக் கொடுத்துவிட்டு விலகிவந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அவவின் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர்கள் தங்கள் பாசையில் கதைப்பதை அந்தத் தங்கச்சி எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தா. விளக்கை அணைத்தார்கள். இவர் பெருமையோடு டெக்கைத் தட்டினார்.

முதலில் ஒரு குத்துவிளக்கு சுழன்றது. ஐயோ என்று நினைத்தேன். பிறகு தங்க எழுத்தில் ஊரின் பெயர், மேலேயிருந்து ரோசாப்பூ. சனம் ஆச்சரியப்பட்டுக் கைதட்டியது. கோபுரம் வந்தது. கிழவருடைய குரல் களிமண்ணையும் வெள்ளத்தையும் சொல்லிக்கொண்டு போக, கமரா கோபுரத்தின் உச்சியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வாசலைத் தாண்டி, படலையின் ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே ஒரு பிள்ளை நின்றாள். சின்னப் படத்தில் நெருப்புக்குச்சி அளவுதான் இருந்திருப்பாள், நான் கவனிக்கவே இல்லை. இவர் அவளை இழுத்து இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். உயரமான பிள்ளை, காற்றில் முடி பறக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி இதயச் சட்டம் விரிந்தது.

அடுத்தது பாலம். குரல் மரச்சப்பாத்தைச் சொல்கிறது, கமரா பாலத்தின் கைப்பிடியோடு போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிள்ளையில் நிற்கிறது. இதயம். காற்றாலை. இறக்கை சுழல்வதுபோல ஏதோ வித்தை காட்டி, இறக்கைக்குப் பின்னாலிருந்து அவள் முகத்தை எழுப்பியிருந்தார். பால் தொழிற்சாலை, அவள். ஆற்றங்கரைப் படி, அவள். ஒரு படம் மிச்சமில்லை. குரல் ஊரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே இருந்தது, ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கடைசியில் உறைந்த ஆறு. ஊரே சறுக்கி விளையாடுகிறது, அத்தனை பேருக்குள்ளும் கமரா நேராக அவளிடம் போனது. பனியில் விழுந்து கிடந்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதற்கு இந்தப் படுபாவி மனுசன் கெட்டிமேளம் போட்டிருந்தார். தாலி கட்டும் நேரத்தில் அடிக்கிற அதே மேளம், நாதஸ்வரத்தோடு, முழுச் சத்தத்தில்.

விளக்குப் போட்டார்கள். நான் எழும்பி இவரிடம் ஓடினேன்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்!"

"ஏன்? எந்தப் படத்தைப் பாத்தாலும் அதே பிள்ளைதான் நிக்குது. அப்ப அவதானே பொம்பிளை?" என்றார் இவர், ஒன்றும் விளங்காமல்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரின் கட்டடங்களைப் படம் எடுத்தேன் என்று கிழவர் எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, தனக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். பின்வரிசையில் ஒரு கிழவன் விசிலடித்தான். யாரோ சிரித்தார்கள். தலைகளெல்லாம் முன்வரிசையில் இருந்த அவவைப் பார்த்துத் திரும்பின. கிழவருடைய முகம் கழுத்துப்பட்டியை விடச் சிவப்பு. எழும்பினார், தொப்பியை எடுத்தார், வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். போச்சு, எல்லாம் போச்சு. எனக்கு அழுகை முட்டியது. கோபத்தில் இவருடைய கையைக் கிள்ளினேன்.

"திரும்பப் போடு" என்று ஒரு குரல். அவதான். இவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னா.

பாராட்டு என்று நினைத்து இவர் சந்தோசமாகக் கசற்றைப் பின்னுக்குச் சுற்றி ஓடவிட்டார். அவ எழும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிவிக்குக் கிட்டப் போய் நின்றா. படலை. பாலம். காற்றாலை. ஒவ்வொன்றுக்கும் விரலைத் திரையில் வைத்து வைத்துப் பார்த்தா. கிழவர் வாசலில், போகவும் ஏலாமல் வரவும் ஏலாமல் நின்றார். மேளம் ஓய்ந்ததும் அவ திரும்பினா. தங்கச்சி என் காதுக்குள் சொல்லத் தொடங்கினா.

"ஒவ்வொருமுறையும் என்னைத் தள்ளி நில் எண்டுதானே சொன்னனீ? கோபுரம் மறைக்குது, பாலம் மறைக்குது எண்டு."

"ஓம்" என்றார் கிழவர்.

"நான் தள்ளி நிண்டனான்."

"ஓம்." தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் கமராவை உன்ர பக்கம் தள்ளினனான்."

அவ கண்ணாடியைக் கழற்றினா. முதலில் சிரித்தா, பிறகு கண்ணைத் துடைத்தா.

"விசரா. எனக்குக் கோபுரம் பாக்க ஆசை எண்டே நினைச்சனீ? நீ கமராவோட போறாய் எண்டு தெரிஞ்சால், வேலையை விட்டிட்டு ஓடி ஓடி வந்து நிண்டனான். நான் உன்ர படத்தைப் பழுதாக்கிறன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"என்னவாம், என்னவாம்?" என்று இவர் என் தோளைத் தட்டினார். "வாயைத் திறக்காதேங்கோ" என்றேன். எனக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அப்படி ஒரு சந்தோசம்.

"கேக்கிறதெண்டால் இப்ப கேள்" என்றா அவ. "எல்லாருக்கும் முன்னால கேள். இன்னொருக்கா வந்து நிக்க என்ர காலுக்கு ஏலாது."

கிழவர் ஊர்ச்சனத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தொப்பியைப் பக்கத்து மேசையில் வைத்தார். வாயைத் திறந்தார். தங்கச்சி எனக்கு மொழிபெயர்ப்பதை மறந்துபோனா, எனக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் அவ ஓம் என்றுவிட்டா.